முன்னால் ஒரு பல், பின்னால் மூன்று பல்

இன்ஜினைத் தொடாமல் ஒரு பைக்கின் குணத்தை மாற்ற வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைத்தான். முன்னது இன்ஜின் பக்கம், பின்னது பின் சக்கரத்தில். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைந்தாலே கிளட்ச் விட்ட அடுத்த நொடியில் வித்தியாசம் தெரியும். ஆனால் அதே ஒரு பல் டாப் ஸ்பீடையும், நெடுஞ்சாலையில் இன்ஜின் சுழலும் வேகத்தையும், செயினின் ஆயுளையும், சில பைக்குகளில் ஸ்பீடோமீட்டர் காட்டும் எண்ணையும் சேர்த்தே மாற்றிவிடும். அதனால் பார்ட்ஸ் வாங்கும் முன் பேப்பரும் பேனாவும் எடுத்துக் கொஞ்சம் கணக்குப் போட்டுவிட வேண்டும். கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

பின் ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கையை முன் ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது ஃபைனல் ரேஷியோ. முன்னால் 15, பின்னால் 45 என்றால் 3.00. அதாவது முன் ஸ்ப்ராக்கெட் மூன்று சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இந்த எண் கூடினால் கியரிங் ஷார்ட்: பிக்கப் கூடும், ஒவ்வொரு கியரும் சீக்கிரம் முடிந்துவிடும். எண் குறைந்தால் லாங்: அதே வேகத்தில் இன்ஜின் நிதானமாகச் சுழலும், இழுவை குறையும். முன்னால் சின்னது போட்டாலும் பின்னால் பெரியது போட்டாலும் போகும் திசை ஒன்றுதான், இரண்டும் ஷார்ட். முதல்முறை மாற்றுபவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

15/45-ல் முன்னால் ஒன்றைக் குறைத்து 14/45 ஆக்கினால் ரேஷியோ 3.21. மாற்றம் 7.1 சதவீதம். முன்னால் ஒன்றைக் கூட்டி 16/45 ஆக்கினால் 2.81, அதாவது 6.25 சதவீதம் குறைவு. முன் ஸ்ப்ராக்கெட்டை அப்படியே விட்டுப் பின்னால் ஒரே ஒரு பல் கூட்டினால் 15/46, ரேஷியோ 3.07, மாற்றம் 2.2 சதவீதம் மட்டும். முன்னால் ஒரு பல்லுக்குச் சமமாகப் பின்னால் எத்தனை பல் என்று கேட்டால், உங்கள் ஃபைனல் ரேஷியோவே ஏறக்குறைய விடை. ரேஷியோ 3 என்றால் மூன்று பல், 2.5 என்றால் இரண்டரை. முன் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிய ஸ்பேனராகவும் பின் ஸ்ப்ராக்கெட்டைச் சின்ன ஸ்க்ரூடிரைவராகவும் நினைத்துக்கொள்ளுங்கள். தோராயமாகத் திசை பார்க்க முன்பக்கம், நுணுக்கமாகச் சரிசெய்யப் பின்பக்கம்.

வேகக் கணக்கு

இதற்கு நான்கு எண்கள் வேண்டும். பிரைமரி ரேஷியோ (இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள பல் விகிதம்), ஒவ்வொரு கியரின் ரேஷியோ, ஃபைனல் ரேஷியோ, பின் டயர் ஒரு சுற்றில் கடக்கும் தூரம். முதல் இரண்டும் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். டயர் சுற்றளவைக் கணக்கிடுவதைவிட அளந்துவிடுவது மேல். காற்றைச் சரியாக நிரப்பி, டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒருவர் பைக்கில் உட்கார்ந்திருக்க நேராக மூன்று சுற்று உருட்டி, வந்த தூரத்தை மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். 140/70-17 டயரின் விட்டம் சுமார் 628 மி.மீ., கணக்குப்படி சுற்றளவு 1.97 மீட்டர். எடை ஏறியதும் டயர் சற்று அமுங்குவதால் உருட்டி அளக்கும்போது கொஞ்சம் குறைவாக வரும். இங்கே 1.95 என்று வைத்துக்கொள்வோம்.

இன்ஜின் ஆர்பிஎம்மை (நிமிடத்துக்குச் சுழலும் சுற்றுகளை) பிரைமரி × கியர் × ஃபைனல் ரேஷியோவால் வகுத்தால் பின் சக்கரம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கிடைக்கும். அதை டயர் சுற்றளவால் பெருக்கி, 60-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும்.

கணக்குக்காக ஒரு கற்பனை பைக். பிரைமரி 2.80, ஆறாவது கியர் 0.90, ஃபைனல் 3.00. மூன்றையும் பெருக்கினால் 7.56. 90 கி.மீ. வேகத்தில் இந்த இன்ஜின் சுமார் 5,815 ஆர்பிஎம்மில் சுழலும். 14/45 போட்டால் அதே 90-க்கு 6,230. 16/45 போட்டால் 5,450. ஒரு பல்லுக்கு நானூறு ஆர்பிஎம் பக்கம் வித்தியாசம். நாளெல்லாம் நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு இந்த நானூறு பெரிய விஷயம். எந்த இன்ஜினுக்கும், குறிப்பாக ஒற்றை சிலிண்டருக்கு, அதிர்வு மோசமாக இருக்கும் ஒரு ஆர்பிஎம் பகுதி உண்டு. உங்கள் பைக்கில் அது எங்கே என்று கண்ணாடியும் ஹேண்டில்பாரும் சொல்லும். நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகம் புதிய கியரிங்கில் நேராக அந்தப் பகுதியில் போய் உட்கார்ந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பைக்கை ஓட்டப் பிடிக்காது. இதைப் பேப்பரிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

டயர் மாற்றமும் கியரிங் மாற்றம்தான் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. 140/70-17 இருந்த இடத்தில் 150/60-17 போட்டால் விட்டம் 628-லிருந்து 612 மி.மீ. ஆகிவிடும். அது 2.5 சதவீதம் ஷார்ட். பின்னால் ஒரு பல் கூட்டியதற்கும் மேல். புது டயருக்கும் 5 மி.மீ. தேய்ந்த டயருக்கும் இடையிலேயே ஒன்றரை சதவீத வித்தியாசம் இருக்கும். ஆகவே பழைய டயரில் எடுத்த அளவுகளையும் புது டயரில் எடுத்த அளவுகளையும் ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள்.

ஷார்ட் ஆக்கினால் எப்போதும் வேகம் கூடுமா?

கூடாது. ஸ்ப்ராக்கெட் பவரை உண்டாக்குவதில்லை. இன்ஜின் தருகிற டார்க்கை, அதாவது திருப்பு விசையைப் பெருக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. அந்தப் பெருக்கத்துக்கு ஈடாக வேகத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரே கியரில், ஒரே ஆர்பிஎம்மில் 14/45 உங்களுக்கு 7 சதவீதம் கூடுதல் இழுவை தரும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு கியரும் 7 சதவீதம் முன்னதாகவே முடிந்துவிடும் என்பதும் அதே அளவு உண்மை.

நம் கற்பனை பைக்கில் மூன்றாவது கியர் 1.38, நான்காவது 1.14, லிமிட்டர் (இன்ஜின் அதற்கு மேல் சுழலாதபடி தடுக்கும் வரம்பு) 10,000 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15/45-ல் மூன்றாவது கியர் 100.9 கி.மீ. வரை போகும். அதாவது 0-100 மூன்று கியரில் முடிந்துவிடும். 14/45-ல் மூன்றாவது 94-லேயே முட்டிவிடும். 94-லிருந்து 101 வரை பழைய கியரிங் மூன்றாவதில் இழுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் நான்காவதில் இருப்பீர்கள். அந்த இடைவெளியில் உங்கள் மொத்தப் பெருக்கம் பழையதைவிட 11 சதவீதத்துக்கும் மேல் குறைவு. கூடவே ஒரு கியர் மாற்றும் நேரமும் போகிறது. பைக் சுறுசுறுப்பாக இருப்பதாக உணர்வீர்கள், ஸ்டாப்வாட்ச் வேறு கதை சொல்லும். முதல் 60, 70 கி.மீ. வரை ஷார்ட் கியரிங் பெரும்பாலும் ஜெயிக்கும். அதற்கு மேல் எந்தக் கியர் எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு கியரும் லிமிட்டரில் தொடும் வேகத்தை இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் அருகருகே எழுதிப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்.

டாப் ஸ்பீட் விஷயத்தில் இதைவிடப் பெரிய தவறான நம்பிக்கை ஒன்று உண்டு: லாங் கியரிங் போட்டால் டாப் ஸ்பீட் கூடிவிடும் என்பது. காற்றை எதிர்த்துப் போகத் தேவைப்படும் பவர் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. வேகத்தை 10 சதவீதம் கூட்ட வேண்டுமென்றால் பவர் 33 சதவீதம் கூடுதலாக வேண்டும். எனவே முதலில் பார்க்க வேண்டியது, சமதரையில் டாப் கியரில் முழு த்ராட்டிலில் டாக்கோமீட்டர் எங்கே நிற்கிறது என்பதை. அதற்கு வாகனப் போக்கில்லாத மூடிய டிராக் வேண்டும். பொதுச் சாலையில் செய்யும் சோதனை அல்ல இது.

அது லிமிட்டரில் முட்டி நிற்கிறது, இன்னும் இழுக்கும் தெம்பு தெரிகிறது என்றால் லாங் கியரிங் உதவும். மாறாக, பவர் உச்சம் 9,000-ல் இருக்க டாப் கியரில் 8,200-க்கு மேல் ஏற மறுக்கிறது என்றால் அந்தக் கியர் ஏற்கெனவே இன்ஜினுக்குச் சுமையாக இருக்கிறது. அங்கே இன்னும் லாங் போட்டால் டாப் ஸ்பீட் குறையும். இன்ஜின் பவர் உச்சத்திலிருந்து இன்னும் கீழே தள்ளப்படும். அப்படிப்பட்ட பைக்கில் ஒரு பல் ஷார்ட் ஆக்கினால் டாப் ஸ்பீட் கொஞ்சம் உயரக்கூடும். நம் பைக்கில் 15/45-ல் 8,200 ஆர்பிஎம் என்பது 127 கி.மீ. 14/45-ல் அதே 127-க்கு இன்ஜின் 8,790-ல் இருக்கும், பவர் உச்சத்துக்கு அருகில். சிறிய இன்ஜின் பைக்குகளில், அதுவும் பெட்டியும் பின்னால் ஆளும் ஏற்றி ஓட்டும்போது, டாப் கியர் இப்படிச் சுமையாவது சாதாரணம்.

எனவே உங்கள் குறை எது என்று முதலில் தெளிவாகச் சொல்லிப் பாருங்கள். ஏற்றத்தில் கியர் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதா, நெரிசலில் முதல் கியரிலேயே கிளட்சைப் பாதி பிடித்து ஊர்ந்துகொண்டிருக்கிறீர்களா? 5 முதல் 7 சதவீதம் ஷார்ட். நெடுஞ்சாலையில் ஆறாவதில் இருந்தும் இடது கால் ஏழாவதைத் தேடுகிறதா? 4 முதல் 6 சதவீதம் லாங். ஆனால் லாங் போட்ட பிறகு சின்ன ஏற்றத்துக்கெல்லாம் ஐந்தாவதுக்கு இறங்க வேண்டியிருந்தால் எரிபொருள் மிச்சமாவதில்லை, திரும்பிவிடுங்கள். கரடுமுரடான மண்பாதையில் மெதுவாக ஏற வேண்டிய பைக்குக்கு 10 சதவீதத்துக்கு மேலும் ஷார்ட் போகலாம். அங்கே முதல் கியர் நடை வேகத்தில் இழுப்பதுதான் முக்கியம், டாப் ஸ்பீட் அல்ல. டிராக்கில் ஓட்டுபவர்கள் நீளமான நேர்ப்பாதையின் முடிவில் டாப் கியர் லிமிட்டருக்குச் சற்று முன்னால் நிற்கும்படி வைத்துவிட்டு, பிறகு முக்கியமான வளைவுகளில் இரண்டு கியருக்கு நடுவே மாட்டாதபடி பின்னால் ஒவ்வொரு பல்லாக மாற்றுவார்கள். ஷார்ட் ஆக்கினால் இன்ஜின் பிரேக்கிங்கும் கூடும், முதல் கியரில் முன்சக்கரம் எளிதாகத் தூக்கும். த்ராட்டில் ஏற்கெனவே வெடுக்கென்று இருக்கும் பைக்கில் இது நெரிசலில் எரிச்சல் தரும்.

முன்பக்கமா பின்பக்கமா?

பரிசோதனைக்கு முன் ஸ்ப்ராக்கெட். விலை குறைவு, வேலை குறைவு, பெரும்பாலும் பழைய செயின் நீளமே போதும். ஆனால் பிடித்துப்போய் நிரந்தரமாக வைத்துக்கொள்வதென்றால் முன்பக்கம் பழைய அளவுக்கே திரும்பி, அதே ரேஷியோவைப் பின் ஸ்ப்ராக்கெட்டில் கொண்டுவாருங்கள் என்பதே என் உறுதியான கருத்து. காரணம் செயின் வளையும் கோணம்.

செயின் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றும்போது வட்டமாகப் போவதில்லை. ஒவ்வொரு லிங்கும் ஒரு நேர்கோடு. 15 பல்லில் ஒவ்வொரு லிங்கும் 24 பாகை மடங்குகிறது. 13 பல்லில் 27.7 பாகை. மடங்குவது அதிகமானால் லிங்குகளை இணைக்கும் பின்னும் (pin) அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் உரசுவதும் அதிகம். கூடவே செயினின் வேகம் சீராக இல்லாமல் ஒவ்வொரு பல்லுக்கும் ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் 17 பல்லில் 1.7 சதவீதம், 15-ல் 2.2, 13-ல் 2.9, 12-ல் 3.4. ஃபுட்பெக்கில் உணரும் ஒருவித முரமுரப்பு இதிலிருந்து வருவதுதான். அதோடு, ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் குறைவதால் அதே டார்க்குக்குச் செயின் தாங்கும் இழுப்பும் கூடுகிறது. 520 செயினில் (எண்களின் பொருள் அடுத்த பகுதியில்) 15 பல்லின் விட்டம் 76.4 மி.மீ., 14-இன் விட்டம் 71.3, 13-இன் விட்டம் 66.3. ஆகவே 14/42, 15/45, 16/48 மூன்றும் ஒரே 3.00 ரேஷியோ என்றாலும் செயினுக்கு மூன்றும் ஒன்றல்ல. இடம் இருந்தால் பெரிய ஜோடியையே எடுங்கள்.

இடம் இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னால் சின்னது போட்டால் செயின், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் முன்முனையை நெருங்கி, அங்குள்ள ரப்பர் ஸ்லைடரைத் தேய்க்கும். ஸ்லைடர் தேய்ந்து முடிந்தால் அடுத்தது அலுமினிய ஆர்ம். முன்னால் பெரியது போட்டால் ஸ்ப்ராக்கெட் கவரின் உள்பக்கமும் கிரான்க் கேஸும் இடிக்கலாம். செயின் ஓடும்போது துள்ளும் என்பதால் கையால் சுற்றிப் பார்க்கும்போது உரசவில்லை என்பது மட்டும் போதாது; சுற்றிலும் 5 மி.மீ. இடைவெளியாவது இருக்கட்டும். பின்னால் சின்னதாக்கினால் செயினின் மேல், கீழ் ஓட்டம் இரண்டும் ஸ்விங் ஆர்மை நெருங்கும். பெரிதாக்கினால் செயின் கவரைப் பாருங்கள்.

சஸ்பென்ஷனிலும் ஒரு பின்விளைவு உண்டு. முன்னால் சின்னது அல்லது பின்னால் பெரியது போட்டால் மேல் செயினின் சாய்வு கூடி, த்ராட்டில் கொடுக்கும்போது பின்பக்கம் அமுங்குவது குறையும். சாதாரண ஓட்டத்தில் ஓரிரு பல் மாற்றத்துக்கு இது தெரியாது. வளைவிலிருந்து முழு த்ராட்டிலில் வெளியேறுபவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு நுணுக்கம்: செயினில் லிங்க் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. ஸ்ப்ராக்கெட்டின் பல்லும் இரட்டைப்படையாக இருந்தால் ஒவ்வொரு பல்லும் எப்போதும் உள் லிங்கையோ வெளி லிங்கையோ மட்டுமே சந்திக்கும், தேய்மானம் ஒன்றுவிட்டு ஒன்றாக விழும். ஒற்றைப்படைப் பல்லில் இரண்டும் மாறி மாறி வருவதால் சீராகத் தேயும். 15-ஆ 16-ஆ என்று தயங்கும்போது 15-இன் பக்கம் ஒரு சின்ன ஓட்டு. 14 வேண்டுமென்றால் இதற்காக விட்டுவிட வேண்டியதில்லை.

செயின் நீளம்

520, 525 போல எண் 5-இல் தொடங்கும் செயின்களில் ஒரு பல் மாறினால் பின் ஆக்ஸில் (சக்கர அச்சு) சுமார் 4 மி.மீ. நகரும், 4-இல் தொடங்குபவற்றில் சுமார் 3.2 மி.மீ. முன்னால் மாற்றினால் இதைவிடச் சற்றுக் குறைவு, பின்னால் மாற்றினால் சற்று அதிகம். பல் கூடினால் ஆக்ஸில் முன்னால் வரும், குறைந்தால் பின்னால் போகும். இப்போது அட்ஜஸ்டரில் முன்னாலும் பின்னாலும் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று அளந்துவிட்டால் புது செயின் வேண்டுமா என்பது உடனே தெரிந்துவிடும். பின்னால் மூன்று பல் கூட்டுகிறீர்கள், 520 செயின் 104 லிங்க் என்றால் ஆக்ஸில் 13 மி.மீ. முன்னால் வந்தாக வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் 106 லிங்க். ஒரு லிங்க் மட்டும் கூட்டி 105 ஆக்க முடியாது, உள்ளும் வெளியும் சேர்ந்த ஜோடியாகத்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும். புதுச் செயினை மாட்டும்போது ஆக்ஸில் ஸ்லாட்டின் முன்பாதியில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தேயத் தேயப் பின்னால் இழுக்க இடம் வேண்டும்.

எண்களின் பொருளும் தெரிந்திருக்கட்டும். முதல் எண் பிட்ச், அதாவது ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் வரை உள்ள தூரம்: 4 என்றால் 12.7 மி.மீ., 5 என்றால் 15.875 மி.மீ. பின்னால் வரும் இரண்டு எண்கள் உள்அகலம்: 20 என்றால் 6.35, 25 அல்லது 28 என்றால் 7.94, 30 என்றால் 9.53 மி.மீ. ஸ்ப்ராக்கெட்டும் செயினும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். 525 ஸ்ப்ராக்கெட்டில் 520 செயின் ஏறவே ஏறாது. 520 ஸ்ப்ராக்கெட்டில் 525 செயின் ஏறிவிடும், பக்கவாட்டில் ஆடிக்கொண்டு இரண்டையும் கெடுக்கும். எடை குறைக்க 525, 530-லிருந்து 520-க்கு மாறுவது நல்ல வழிதான். ஆனால் செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும், அந்தச் செயினின் இழுவிசைத் தாங்கும் திறன் உங்கள் இன்ஜினுக்குப் போதுமா என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்க்க வேண்டும். பின்னால் அலுமினிய ஸ்ப்ராக்கெட் போட்டாலும் எடை குறையும், ஆனால் ஸ்டீலைவிடச் சீக்கிரம் தேயும். தினசரி ஓடும் பைக்குக்கு நான் ஸ்டீல்தான் சொல்வேன்.

புது ஸ்ப்ராக்கெட்டில் பழைய செயினை மாட்டலாமா என்பதற்கு ஸ்கேல் பதில் சொல்லும். செயினை இழுத்து நேராக வைத்து 21 பின்களை எண்ணுங்கள், இடையில் 20 லிங்க் இருக்கும். முதல் பின்னின் மையத்திலிருந்து கடைசிப் பின்னின் மையம் வரை 5 வகைச் செயினில் புதிதாக 317.5 மி.மீ., 4 வகையில் 254 மி.மீ. மூன்று நான்கு இடங்களில் அளந்து அதிகமானதை எடுத்துக்கொள்ளுங்கள். 1 சதவீதம் என்றால் முறையே 320.7, 256.5. மூட்டுகளில் ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயின் இதைத் தொட்டுவிட்டால் புது ஸ்ப்ராக்கெட்டை அதோடு சேர்க்காதீர்கள். செயின் நீண்டுவிட்டது என்று சொன்னாலும் இரும்புத் தகடு நீள்வதில்லை; பின்னும் புஷ்ஷும் தேய்ந்து ஒவ்வொரு மூட்டிலும் சிறு இடைவெளி விழுந்து எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. அப்படிப் பிட்ச் கூடிய செயின் புதுப் பற்களின் அடியில் சரியாக உட்காராமல் மேலேறி, பற்களைக் கொக்கி போலத் தேய்த்துவிடும்.

மாட்டும்போது கெடுவது எங்கே

முன் ஸ்ப்ராக்கெட் நட்டை, செயின் மாட்டியிருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். லாக் வாஷரின் மடிப்பை உளியால் நிமிர்த்தி, கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, நீளமான கைப்பிடி உள்ள ஸ்பேனரால் திருப்பினால் வந்துவிடும். செயினைக் கழற்றிய பிறகு இதைச் செய்ய முனைந்து, ஸ்ப்ராக்கெட் பல்லுக்கும் கேஸுக்கும் நடுவே கம்பியைச் சொருகிக் கேஸை உடைத்தவர்கள் உண்டு. சில பைக்குகளில் நட் இருக்காது, இரண்டு சின்ன போல்ட்டும் ஒரு பிளேட்டும் அல்லது சர்க்ளிப் மட்டும் இருக்கும், அவை எளிது.

கழற்றிய ஸ்ப்ராக்கெட்டில் எந்தப் பக்கம் வெளியே இருந்தது என்று பார்த்து வையுங்கள். ஒரு பக்கம் புடைப்போ ரப்பரோ இருக்கும். திருப்பிப் போட்டால் செயின் கோடு சில மி.மீ. விலகிவிடும். புதிதாக வாங்கியதில் அந்தப் புடைப்பு பழையதன் அளவுக்கே இருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அங்கே சேர்ந்திருக்கும் கிரீஸ் கலந்த மண்ணை முழுதாக எடுத்துவிட்டு, ஷாஃப்ட் சீலில் ஆயில் கசிகிறதா, ஸ்ப்ளைன் (ஷாஃப்டின் பல்வரி) தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புது ஸ்ப்ராக்கெட் ஷாஃப்டில் கையாலேயே லொடலொடவென்று ஆடினால் ஏதோ ஒன்று தவறு.

பின் சக்கரத்தில் நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று தவணையில் இறுக்க வேண்டும். ஸ்ப்ராக்கெட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள கப்ளிங் ரப்பரை இப்போதே பார்த்துவிடுங்கள். ஸ்ப்ராக்கெட்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்பினால் தாராளமாக ஆடினால் ரப்பர் முடிந்துவிட்டது. ஷார்ட் கியரிங்கின் கூடுதல் இழுப்பு அதன் மேல் விழுந்தால் த்ராட்டில் திறக்கும்போதெல்லாம் தட்டும். எல்லா நட்டுக்கும் மேனுவலில் உள்ள டார்க் அளவு, டார்க் ரெஞ்ச். முன் நட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்க வேண்டாம், அடி கியர்பாக்ஸ் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் போகும். லாக் வாஷர் புதியது போடுங்கள், மடிக்க மறக்காதீர்கள்.

செயினின் இரு முனைகளை இணைப்பது கிளிப் வைத்த லாக் என்றால் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். ரிவெட் லாக் என்றால் நான்கு ஓ-ரிங்கும் கிரீஸ் தடவி உட்கார வேண்டும். வெளித் தகட்டைப் பக்கத்து லிங்கின் அகலத்துக்கு மட்டும் அழுத்துங்கள், அதற்கு மேல் அழுத்தினால் அந்த மூட்டு மட்டும் மடங்காமல் விறைத்துக்கொள்ளும். ரிவெட் விரிந்த விட்டத்தைச் செயின் பெட்டியில் உள்ள அளவோடு காலிப்பரில் சரிபாருங்கள். விளிம்பில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அந்த லாக் வேண்டாம், இன்னொன்று போடுங்கள்.

தளர்வைப் பொறுத்தவரை சாலை பைக்குகளில் கீழ்ச் செயினின் நடுவே மேலும் கீழுமாக 25 முதல் 35 மி.மீ. வரை வழக்கம், நீண்ட சஸ்பென்ஷன் உள்ளவற்றுக்கு இன்னும் அதிகம். உங்கள் மேனுவலின் எண்ணே கடைசி வார்த்தை. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, மிகவும் இறுகும் இடத்தில் அளக்க வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் உச்ச இறுக்கத்தில் இருக்கும். ஸ்டாண்டில் டைட்டாக வைத்துவிட்டு ஆள் ஏறியதும் சஸ்பென்ஷன் அமுங்கினால் செயின் கம்பிபோல விறைத்து ஷாஃப்ட் பேரிங்கைத் தின்றுவிடும். கொஞ்சம் லூஸாக இருப்பது கொஞ்சம் டைட்டாக இருப்பதைவிட எவ்வளவோ மேல். சக்கர நேர்மைக்கு ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு பக்கமும் ஸ்விங் ஆர்ம் போல்ட் மையத்திலிருந்து ஆக்ஸில் மையம் வரை அளந்து சமமாக்குங்கள். பின்னாலிருந்து குனிந்து மேல் செயினைப் பார்த்தால் வளைவு தெரியக்கூடாது.

ஸ்பீடோமீட்டர் சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் இருந்தால் ஸ்ப்ராக்கெட் மாற்றியதும் காட்டும் வேகமும் ஓடோமீட்டரும் தவறும். 15-லிருந்து 14-க்கு வந்தால் 7 சதவீதம் அதிகமாகவும், 16-க்குப் போனால் 6 சதவீதத்துக்கு மேல் குறைவாகவும் காட்டும். இரண்டாவதுதான் ஆபத்து, உண்மை வேகம் மீட்டரைவிட அதிகம். சென்சார் சக்கரத்தில் இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் சக்கர வேகத்தையும் ஆர்பிஎம்மையும் ஒப்பிட்டுக் கியர் எண்ணைக் கண்டுபிடிக்கும் பைக்குகளில் கியர் இண்டிகேட்டர் குழம்பலாம். ஜிபிஎஸ் வேகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும். 300 கி.மீ. ஆனதும் தளர்வை மறுபடி அளந்து, முன் நட்டையும் பின் நட்டுகளையும் டார்க் ரெஞ்சில் ஒருமுறை சரிபாருங்கள். ஸ்லைடரில் புதிய தேய்மானக் கோடு விழுந்திருக்கிறதா, செயின் கவருக்குள் பளபளப்பான உரசல் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் அப்போதே. துடைக்கப் பெட்ரோல் கூடாது, ஓ-ரிங் கெட்டுவிடும். கம்பி பிரஷும் கூடாது. ஓட்டி முடித்துச் செயின் சூடாக இருக்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றியபடி கீழ்ச் செயினின் உள்பக்கத்தில் லூப் அடித்தால் சுழற்சியில் அது வெளிப்பக்கமாகப் பரவிக்கொள்ளும்.